பொத்தென்று விழும் சூரியன்

நான்கு விரலைச் சேர்த்து, கையை நன்றாக நீட்டி, சூரியனுக்கும் கடலுக்கும் நடுவில் பிடிக்க வேண்டும். ஒரு விரலுக்குக் கால் மணி நேரம் கணக்கு. நான்கு விரல் இடைவெளி இருந்தால் சூரியன் மறைய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் வீடியோவில் சொன்னதை மனப்பாடம் செய்துகொண்டு, முதல் ஞாயிற்றுக்கிழமை சூரியன் மறைவதைப் படம் எடுக்க மும்பை மாஹிம் கடற்கரைக்குப் போனேன். கணக்காக நான்கு விரல் இருந்தது. நேரம் கிடக்கிறதே என்று தெருமுனைக்குத் திரும்பி வந்து ஒரு வடாபாவ், ஒரு கட்டிங் சாயா, நடுவில் ஊரிலிருந்து அம்மாவின் போன். எல்லாம் முடித்து, மணலில் ட்ரைபாடை விரித்துத் தலையைத் தூக்கினால் சூரியனைக் காணோம். மொத்தம் அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது.

போனில் அம்மா, "இங்க விளக்கேத்தி முடிச்சாச்சுப்பா, அங்க இன்னும் வெயிலா?" என்று கேட்டாள். ஊர் திருநெல்வேலிப் பக்கம். மும்பை அதற்கு ஏறக்குறைய 5 பாகை மேற்கே இருக்கிறது. அதிலேயே இருபது நிமிஷ வித்தியாசம். அந்தப் பெருமையில்தான் கோட்டை விட்டேன்.

மறுநாள் ஸ்டுடியோ அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். தாராவியில் எங்கள் சந்துக்கு இரண்டு சந்து தள்ளி முப்பது வருஷம் கல்யாண ஸ்டுடியோ வைத்திருந்தவர். டிஜிட்டல் வந்த பிறகு கடையை மூடிவிட்டார். அந்த இடத்தில் இப்போது அவர் மகன் செல்போன் ரிப்பேர் பார்க்கிறான். அண்ணாச்சி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

"ஏலே, வெள்ளக்காரன் ஊர்ல சூரியன் சாஞ்சு சாஞ்சு இறங்கும். சறுக்குமரத்துல புள்ளைங்க வருதுல்லா, அப்படி. இங்க பொத்துன்னு விழுந்துரும்" என்றார்.

அவர் சொன்னதுதான் விஷயம். மும்பை பூமத்திய ரேகைக்கு வடக்கே 19 பாகையில் இருக்கிறது. இங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. கடலை நெருங்கும்போது நான்கு நிமிஷத்துக்கு ஒரு பாகை. என் நான்கு விரல் ஏழெட்டு பாகையைத்தான் மறைக்கும். ஆக, நம் ஊரில் நான்கு விரல் என்றால் அரை மணி நேரம், அவ்வளவுதான். எல்லோரும் பெருமையாகச் சொல்லும் 'கோல்டன் அவர்', அதாவது சூரியன் மறையும் முன் வரும் பொன்னிற வெளிச்ச நேரம், இங்கே அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சூரியன் மறைந்த பிறகு வானம் வெளிச்சமாக இருக்கும் நேரமும் இருபது, இருபத்தைந்து நிமிஷத்தைத் தாண்டாது. அதற்குள் லென்ஸ் மாற்றுவதும் ட்ரைபாட் கால் இழுப்பதுமாக இருந்தால் வானம் நமக்காகக் காத்திருக்காது. இப்போதெல்லாம் சூரியன் ஆறு விரல் உயரத்தில் இருக்கும்போதே கேமராவை ட்ரைபாடில் மாட்டி, நிற்கும் இடத்தையும் முடிவு செய்துவிடுகிறேன்.

கேமரா பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போரா பஜாரில் வாங்கிய பழைய டிஎஸ்எல்ஆர், அதோடு வந்த 18-55 லென்ஸ், பிறகு தனியாக வாங்கிய 55-250. இந்த இரண்டுக்கு மேல் இன்றுவரை வாங்கவில்லை. கோட்டைப் பகுதியில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன், ஐந்தரைக்குத்தான் விடுவார்கள். நவம்பர் கடைசியில் மும்பையில் ஆறு மணிக்கே சூரியன் மறைந்துவிடுகிறது. சர்ச்கேட்டில் ரயில் ஏறி மாஹிமில் இறங்கும்போது தெருவிளக்குதான் இருக்கும். ஜூலைத் தொடக்கத்தில் ஏழு இருபது வரை சூரியன் நிற்கிறது, ஆனால் அப்போது மழை. ஆகவே எனக்கு மாசி கடைசியிலிருந்து வைகாசி வரை வாரநாள், மற்ற மாதங்களில் ஞாயிறு மட்டும். அலுவலகம் போகிறவர்கள் முதலில் போட வேண்டியது இந்தக் கணக்கைத்தான். லென்ஸ் விலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் மாஹிம் என்று கேட்கலாம். மரைன் டிரைவ் இல்லையா, பாந்த்ரா பேண்ட்ஸ்டாண்ட் இல்லையா? இருக்கின்றன. போனேன், நன்றாகவும் இருந்தது. ஆனால் மாஹிம் எனக்கு நடை தூரம். வீட்டிலிருந்து கிளம்பி, ஸ்டேஷன் பாலம் ஏறி இறங்கி, மாதா கோவிலைத் தாண்டினால் கடல். (புதன்கிழமை மட்டும் அந்த வழி வேண்டாம். நொவேனாக் கூட்டத்துக்குள் ட்ரைபாடோடு போனால் யாராவது ஒருவர் காலில் குத்திவிடும்.) கரையில் நின்றால் நேர் மேற்கே பாந்த்ரா–வர்லி கடல் பாலம், 2009-இல் திறந்தது, ஐந்தரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம். அதன் தூண்களும் கம்பிகளும் வானத்தில் கோடு போட்டு வைத்திருக்கும். நாற்றம் உண்டு, அதையும் மறைக்க வேண்டாம். மீட்டி ஆறு பக்கத்தில்தான் கடலில் கலக்கிறது. மழைக்காலத்தில் பெரிய அலை வரும்போதெல்லாம் நகரம் கடலில் போட்ட பிளாஸ்டிக்கைக் கடல் திருப்பிக் கொடுத்துவிடும்.

முதல் இரண்டு மாதம் எடுத்த படங்களை அண்ணாச்சியிடம் காட்டினேன். எல்லாவற்றிலும் மணல் பளிச்சென்று இருந்தது, வானம் வெள்ளைத் துணி மாதிரி வெளுத்துப்போயிருந்தது. நேரில் பார்த்த ஆரஞ்சு நிறம் ஒன்றில்கூட இல்லை.

"எதுக்கு அளந்த?" என்றார்.

"ஆட்டோல போட்டேன், அண்ணாச்சி."

"ஆட்டோக்காரனுக்கு வழி தெரியுமா? நீதாம்லே சொல்லணும்."

கேமராவுக்குள் இருக்கும் ஒளி அளக்கும் கருவிக்கு ஒரே ஒரு புத்திதான். எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். படத்தின் சட்டத்தில் பாதிக்கு மேல் இருட்டு மணலாக இருந்தால், 'அடடா, இருட்டாக இருக்கிறதே' என்று மொத்தத்தையும் வெளுக்கும். சூரியன் நடுவில் இருந்தால் பயந்துபோய் எல்லாவற்றையும் கறுக்க வைக்கும். அண்ணாச்சி சொன்ன வழி: கேமராவை மேனுவலில் (அளவுகளை நாமே வைக்கும் முறையில்) போட்டு, சூரியனுக்குப் பக்கத்து வானத்தை மட்டும், சூரியன் சட்டத்துக்குள் வராதபடி பார்த்து அளக்க வேண்டும். வரும் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, பிறகு நமக்கு வேண்டிய பக்கம் திரும்பி எடுக்க வேண்டும். வானம் நிறத்தோடு நிற்கும், தரை கறுக்கும். கறுக்கட்டும். ரா ஃபைலில் (கேமரா பதிந்த தகவலை அப்படியே வைத்திருக்கும் கோப்பில்) எடுத்தால் கறுத்த இடத்தை வீட்டில் கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். வெளுத்துப் போன வானத்தை எந்த மென்பொருளாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. அந்த இடத்தில் தகவலே இருக்காது.

செல்போனிலும் இதே சங்கதிதான். திரையில் வானத்தைத் தொட்டால் ஒரு சின்னச் சூரியன் படம் வரும். அதைக் கீழே இழுத்தால் படம் இருளும், நிறம் திரும்பி வரும். எங்கள் வீட்டில் மகள் இதைப் பத்து வினாடியில் கற்றுக்கொண்டு, நான் இரண்டு மாதம் எடுத்த எல்லாவற்றையும்விட நல்ல படம் ஒன்றை எடுத்தாள். அதைப் பற்றி இதற்கு மேல் பேச விருப்பமில்லை.

நிறம் வராததற்கு இன்னொரு காரணம் ஒயிட் பேலன்ஸ், அதாவது வெளிச்சத்தின் நிறத்தைச் சரிக்கட்டும் அமைப்பு. அதையும் ஆட்டோவில்தான் விட்டிருந்தேன். ஆரஞ்சு வெளிச்சத்தைப் பார்த்ததும் கேமரா, வீட்டுக் குண்டு பல்பின் மஞ்சளைக் கழிப்பது போல அதையும் கழித்துவிடும். 'டேலைட்' என்று வைத்துவிட்டால் கண் பார்த்தது கிடைக்கும். ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் அளவு) 100, அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 8, ஃபோகஸ் பாலத்தின் ஒரு தூண் விளிம்பில். சூரியன் மறையும் நேரத்தில் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/125 வினாடி பக்கம் இருந்தால், இருபது நிமிஷம் கழித்து அதே இடத்தில் 2 வினாடி கேட்கும். வெளிச்சம் நூறு மடங்குக்கு மேல் குறைந்திருக்கிறது, நம் கண்ணுக்கு மட்டும் அது தெரிவதில்லை. அதனால் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை திரும்ப அளக்க வேண்டும். ஷட்டர் மெதுவாகப் போகும்போது பட்டனை விரலால் அழுத்தினாலே கேமரா ஆடும். 2 வினாடி டைமரில் வைத்தால் போதும். லென்ஸின் ஆட்டம் தடுக்கும் வசதியை ட்ரைபாடில் அணைத்துவிடுவது நல்லது.

எல்லாவற்றையும் கொடுத்த அண்ணாச்சி ஒரு விஷயத்தில் மட்டும் கையை ஓங்கிவிட்டார். 250 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டி, கண்ணை வ்யூஃபைண்டரில் வைத்துச் சூரியனைப் பார்த்தேன் என்று சொன்ன அன்று. "கண்ணு அவிஞ்சு போயிரும்லே. பூதக்கண்ணாடியில பேப்பர் எரிச்சது இல்லையா நீ?" சூரியன் அடிவானத்தில் மங்கலாக இருந்தாலும் ஆபத்து ஆபத்துதான். இப்போது அந்த லென்ஸ் என்றால் பின்புறத் திரையில்தான் பார்ப்பேன், அதுவும் எடுக்கும் நேரத்துக்கு மட்டும்.

அந்த லென்ஸ் எதற்கு என்றால், சூரியனைப் பெரிதாகக் காட்ட. 18 மில்லிமீட்டரில் எடுத்தால் சூரியன் படத்தின் அகலத்தில் நூற்றில் ஒரு பங்குகூட வராது; குங்குமப்பொட்டைவிடச் சின்னது. 250-இல் பத்தில் ஒரு பங்கு. பாலத்தின் தூணுக்கு நேர் பின்னால் அந்தத் தட்டு உட்கார்ந்தால் எப்படி இருக்கும்! இந்த ஆசையில்தான் என் ஒரு வருஷம் போயிற்று.

தை பிறந்தால் சூரியன் வடக்கே திரும்புகிறது என்று பாட்டி காலத்திலிருந்து கேட்டிருக்கிறோம். (வானக் கணக்குப்படி திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22-இல், பொங்கலுக்கு மூன்று வாரம் முன்பே.) கேட்டதெல்லாம் காதோடு போயிருந்தது. ஒரே இடத்தில் நின்று பார்த்தபோதுதான் அது எவ்வளவு பெரிய நடை என்று தெரிந்தது. மும்பையில் மார்கழியில் சூரியன் நேர் மேற்கிலிருந்து 25 பாகை இடப்பக்கம், அதாவது தெற்கே விழுகிறது. ஆனியில் 25 பாகை வலப்பக்கம். மொத்தம் 50 பாகை. மாஹிமில் நின்றால் மார்கழிச் சூரியன் வர்லி பக்கம் விழும், ஆனிச் சூரியன் பாந்த்ராக் கட்டடங்களுக்குப் பின்னால் போய்விடும். மரைன் டிரைவிலும் இதே கதைதான். நடுப்பகுதியில் நின்றால் டிசம்பரில் கடலில் மறையும் சூரியன், ஜூனில் மலபார் ஹில்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். 'மரைன் டிரைவில் கடலில் சூரியன் விழும் படம் வேண்டும்' என்று மே மாதம் ரயில் ஏறி வருகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

இந்த நடையின் வேகமும் ஒரே மாதிரி இல்லை. மார்கழியிலும் ஆனியிலும் நாட்கணக்கில் அசையாமல் நிற்கும். பங்குனியிலும் புரட்டாசியிலும் ஒரு நாளைக்குத் தன் அகலத்தில் முக்கால்வாசி நகர்ந்துவிடும். நேற்று தூணுக்கு நேரே இருந்தது இன்று இருக்காது.

நான் வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து, பாலத்தின் பெரிய தூணுக்குப் பின்னால் சூரியன் விழுவது மார்ச் 14 என்று செல்போன் செயலியில் பார்த்து வைத்தேன். அலுவலகத்தில் தலைவலி என்று சொல்லிவிட்டு நான்கரைக்கே கிளம்பினேன். எல்லாம் கணக்காக வந்தது. சூரியன் இறங்கியது, சிவந்தது, தூணை நெருங்கியது. கடலுக்கு இரண்டு விரல் மேலே இருக்கும்போது மங்கி, சாம்பலாகி, காணாமல் போனது. மறையவில்லை, கரைந்துபோனது. மும்பையில் குளிர்காலத்திலும் அதை ஒட்டியும் இது சகஜம். கட்டட வேலைத் தூசியும் புகையும் அடிவானத்தில் தடியாகப் படிந்திருக்கும். சூரியன் தாழத் தாழ அதன் ஒளி காற்றுக்குள் நீண்ட தூரம் வர வேண்டியிருக்கிறது. நீலம் வழியிலேயே சிதறிப்போவதால்தான் மாலை சிவக்கிறது. ஆனால் தூசி அளவுக்கு மீறினால் சிவப்பும் வந்து சேராது. தூசி இருந்தால் நல்ல நிறம் வரும் என்று எழுதியிருப்பதை நம்பி ஏமாந்ததில் இது இரண்டாவது வெள்ளைக்காரப் பாடம்.

அன்று இரவே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சூரியன் ஆனி வரை வடக்கே போய்த் திரும்பி வரும்போது, அதே தூணுக்கு அதே நேரில் வருவது செப்டம்பர் 29 அல்லது 30. ஆறரை மாதம். காலண்டரில் வட்டம் போட்டுவிட்டு, மறுநாள் அண்ணாச்சியிடம் இதை ஒரு கண்டுபிடிப்பு மாதிரி சொன்னேன்.

அவர் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு என்னையே பார்த்தார். "ஏன் தம்பி, தூண் நகராது. சூரியன் உன் பேச்சக் கேக்காது. உனக்குக் கால் இருக்குல்லா?"

அவ்வளவுதான். பாலம் கரையிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்தத் தூரத்தில், சூரியன் ஒரு நாளில் நகரும் அளவை ஈடுகட்ட நான் பதினைந்து, பதினாறு மீட்டர் நகர்ந்தால் போதும். இருபது எட்டு! சூரியன் வலப்பக்கம் போனால் நாம் இடப்பக்கம் போக வேண்டும். ஆறு மாதம் காத்திருக்கத் துணிந்தவனுக்கு இருபது எட்டு தோன்றவில்லை. ஒருமுறை ட்ரைபாடை ஊன்றிவிட்டால் அந்த இடம் நமக்குப் பட்டா போட்டுக் கொடுத்தது மாதிரி ஒரு நினைப்பு வந்துவிடுகிறது.

அடுத்த வாரம் முழுக்க அலுவலகம் முடிந்து ஓடி வந்து, கரையில் இடப்பக்கமாக நகர்ந்துகொண்டே போனேன். ஒரு நாள் காற்று மாறித் தூசி விலகியது. சூரியன் முழுத் தட்டாகத் தூணுக்குப் பின்னால் இறங்கியது. விளிம்பு கடலைத் தொட்டதிலிருந்து முழுசாக மறையும்வரை இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் அதிகம். பதினோரு படம் எடுத்தேன். சொந்தக்காரர்களுக்கு அனுப்பினேன், எல்லோரும் சூப்பர் என்றார்கள். மைத்துனர் கடையில் பெரிதாக அடித்து மாட்டியிருக்கிறார். எனக்கென்னவோ அதைப் பார்க்கும்போதெல்லாம் காலண்டர் படம் மாதிரிதான் தோன்றுகிறது. அதில் மாஹிமே இல்லை.

காலண்டர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் தொங்கும் தினசரி காலண்டர்தான் என்னிடம் இருப்பதில் மிகவும் உபயோகமான கருவி. முன்பெல்லாம் போனால் சில நாள் தண்ணீர் காலடியில் நிற்கும், சில நாள் எங்கேயோ வற்றிக் கிடக்கும். காரணம் புரியாமல், மீனவர் குடியிருப்பான கோலிவாடாவில் வலை சரிசெய்துகொண்டிருந்த ஒருவரிடம் கேட்டேன். "பர்தி, ஓஹோட்டி" என்று மராத்தியில் சொல்லி, நிலாவைக் கையால் காட்டினார். ஓதம், அதாவது கடல் தண்ணீர், ஏறுவதும் வற்றுவதும் நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் தள்ளிப் போகிறது. மும்பையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் உச்சி வேளைக்குப் பக்கத்தில் தண்ணீர் ஏறி, சூரியன் மறையும் நேரத்துக்கு வற்றிவிடும். அஷ்டமியை ஒட்டி அதற்கு நேர்மாறு. மாலையில் தண்ணீர் கரைக்கு வந்திருக்கும். ஈர மணலில் வானம் கண்ணாடி மாதிரி விழும் படம் வேண்டுமா, அமாவாசைக்கு மறுநாள் போங்கள். படகு மிதக்க வேண்டுமா, அஷ்டமி. இது மும்பைக் கணக்கு. தூத்துக்குடியில் போய் இதே கணக்கில் நின்றால் நான் பொறுப்பில்லை.

இந்தக் கணக்குத் தெரிவதற்கு முன் ஒருமுறை பேண்ட்ஸ்டாண்டில் கறுப்புப் பாறைகள் மேல் வெகுதூரம் போய் நின்றுவிட்டேன். தண்ணீர் ஏறும் நேரம். முன்னால் வரும் அலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் பக்கவாட்டில், பாறை இடுக்கு வழியாக எனக்குப் பின்னால் நிறைந்துகொண்டிருந்தது. திரும்பும்போது முழங்கால் வரை. பாசியில் கால் வழுக்கி, ட்ரைபாடைத் தடியாக ஊன்றித்தான் கரையேறினேன். அதன் ஒரு கால் இன்றுவரை கோணல். வீட்டில் இதைச் சொல்லவில்லை, கோணலுக்கு ரயில் கூட்டத்தைக் காரணம் சொல்லியிருக்கிறேன். தண்ணீர் ஏறும் நாளில் பாறைக்குப் போகாதீர்கள். வற்றும் நாளிலும், வந்த வழியை ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

கடல் காற்றின் உப்பு லென்ஸில் மெல்லிய படலமாக ஒட்டும். அதோடு சூரியனை நோக்கி எடுத்தால் படம் முழுக்கப் பால் ஊற்றியது போல இருக்கும். மெல்லிய துணியால் அடிக்கடி துடைக்க வேண்டும். பாதுகாப்புக்கென்று மாட்டிய மலிவான யூவி கண்ணாடியையும் அந்த நேரத்துக்குக் கழற்றிவிடுவேன். அது சூரியனுக்குப் பக்கத்தில் இன்னொரு பச்சைச் சூரியனை உண்டாக்கும். ஏசி அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்குக் கொண்டுவந்தால் லென்ஸ் வியர்க்கும், பைக்குள்ளேயே இருபது நிமிஷம் வைத்திருந்து எடுத்தால் சரியாகிவிடும். மணலில் நின்ற ட்ரைபாட் கால்களை வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான்.

செப்டம்பர் கடைசி வந்தது. வட்டம் போட்ட தேதி. தூணுக்கு நேராக நிற்க எனக்கு இனி தேதி தேவையில்லை என்றாலும் போனேன். மழைக்காலம் மும்பையை விட்டுக் கிளம்புவது சராசரியாக அக்டோபர் 8 வாக்கில். அன்றும் மதியம் ஒரு பாட்டம் கொட்டி ஓய்ந்திருந்தது. தூசியெல்லாம் கழுவிப்போய் வர்லிக் கட்டடங்களின் ஜன்னல்களைக்கூட எண்ணலாம் போல இருந்தது. ஆனால் மேற்கே கருமேகம் சுவர் மாதிரி நின்றது. சூரியன் அதற்குள் போனது, வெளியே வரவேயில்லை. என்னோடு நின்றிருந்த மூன்று நான்கு கேமராக்காரர்கள் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நானும் ட்ரைபாடை மடக்க ஆரம்பித்தேன்.

கோணல் கால் உள்ளே போக மறுத்தது. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது என் கைகள் ரோஸ் நிறமாக இருப்பதைக் கவனித்தேன்.

நிமிர்ந்தால், மிக உயரத்தில் பஞ்சைப் பிய்த்துப் போட்டது போன்ற மேகங்கள் தலைக்கு மேல் வரை பற்றி எரிந்துகொண்டிருந்தன. தாழ்ந்த மேகம் நமக்குச் சூரியனை மறைத்திருந்தது. உயரத்தில் இருக்கும் மேகத்துக்கு, நமக்கு மறைந்த பிறகும் சூரியன் தெரிந்துகொண்டுதான் இருக்கும். சுவருக்கு அப்பாலிருந்து வெளிச்சம் அதன் அடிவயிற்றில் அடித்தது. பௌர்ணமியை ஒட்டிய நாள் என்பதால் தண்ணீர் வற்றி, கரை முழுக்க ஈரமணல். அதிலும் அதே நிறம். ஒன்பது பத்து நிமிஷம் இருக்கும்.

பாலத்தைப் பார்த்து இரண்டு படம் எடுத்தேன். பிறகு, ஏன் என்று தெரியாது, திரும்பினேன். இந்த ஒரு வருஷத்தில் சூரியனுக்கு முதுகைக் காட்டி நான் நின்றதே இல்லை. கோலிவாடாப் பக்கம் கரையேற்றி வைத்திருந்த படகுகள், அவற்றுக்குப் பின்னால் நீலமும் ரோஸும் கலந்த கீழ்வானம், படகு நிழலில் உட்கார்ந்து மீன்கூடையைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு மாவ்ஷி (மராத்தியில் சித்தி). பக்கத்தில் போய், கேமராவைக் காட்டி எடுக்கலாமா என்று சைகையில் கேட்டேன். "லவ்கர், லவ்கர்" என்றார், சீக்கிரம் என்று. ஐஎஸ்ஓவை 800-க்கு ஏற்றிக் கையில் பிடித்தே எடுத்தேன். வெளிச்சம் அவர் முகத்தின் ஒரு பக்கத்திலும் கூடைத் தண்ணீரிலும் மட்டும் இருந்தது. நான்கே படம். அதற்குள் சாம்பலாகிவிட்டது.

அண்ணாச்சி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அவர் யாஷிகாவில் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம் எடுத்துப் பழகியவர். நான் பதினோரு சூரியன் எடுத்த கதையைக் கேட்டு முகம் சுளித்தவர். "சூரியன் எங்கலே?" என்றார்.

"மேகத்துக்குள்ள போயிட்டுது, அண்ணாச்சி."

"நல்லதாப் போச்சு. அந்தப் பொம்பளைக்கு ஒரு பிரிண்ட் போட்டுக் குடு."

எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். மாவ்ஷி கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கினார். வானத்தைப் பார்க்கவில்லை; தன் முகத்தையும் ஒரு நொடிதான் பார்த்தார். பின்னால் இருந்த படகில் விரலை வைத்து, இந்தியும் மராத்தியும் கலந்து, இது எங்கள் படகு இல்லை, என் கொழுந்தனுடையது, எங்கள் படகு இந்தப் பக்கம் வெட்டுப்பட்டிருக்கிறது, அது தண்ணீரில் நிற்கும்போது ஒன்று எடுக்க வேண்டும், என்றைக்கு வருகிறாய் என்று கேட்டார்.

செல்போனில் தமிழ்க் காலண்டரைத் திறந்து பார்த்தேன். வருகிற ஞாயிறு அஷ்டமி.